அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்

எங்கள் பங்கு, அதாவது எங்கள் கத்தோலிக்கத் தேவாலயச் சமூகம், நடத்தும் தொடக்கப் பள்ளிக்குப் பணம் போதவில்லை என்பதைப் பெற்றோருக்கு முதலில் தெரிவித்த கடிதத்தை எழுதியது நான்தான். நாலு பத்தி. அதில் ஒரு வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "நமது பள்ளி சில நிதிச் சவால்களைச் சந்தித்து வருகிறது; உங்கள் செபமும் ஒத்துழைப்பும் தேவை." கடிதம் முழுக்கத் தேடினாலும் ஓர் எண் கிடைக்காது. வேண்டுமென்றேதான் விட்டேன். எண்ணைச் சொன்னால் பயப்படுவார்கள், பொதுவாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளின் பையில் கடிதம் போனது. திங்கட்கிழமை காலை என் மகளை விட வந்தபோது வாசலில் நின்ற ஒரு அம்மா கேட்டார்: "அண்ணா, ஸ்கூலை மூடப் போறாங்களாமே?" இல்லை என்றேன். "அப்போ ஏன் அப்படி எழுதியிருக்காங்க?" எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரத்துக்குள் 11 குடும்பங்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் விசாரித்தன. கல்வியாண்டு முடிந்தபோது 6 குடும்பங்கள் போயே விட்டன. 9 பிள்ளைகள். அந்த ஆண்டு எங்களுக்குத் துண்டு விழுந்த தொகையை 5 என்று வைத்தால், அந்த 9 பேரின் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 4. மூடப் போகிறார்கள் என்ற வதந்தி, மூடும் அளவுக்கு எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. பற்றாக்குறை செய்த சேதத்தைவிட என் நாலு பத்தி செய்த சேதம் பெரிது.

நான் நிதிக்குழுவுக்கு வந்த கதை சாதாரணமானது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது பங்குத்தந்தை தோளில் கை போட்டு, "நீங்க கணக்கு வேலையில்தானே இருக்கீங்க?" என்றார். இப்படிக் கேட்கும் கேள்விக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் புத்திசாலிகள். மாதம் ஒரு கூட்டம்தான் என்றார். முதல் ஆறு மாதத்தில் பதினேழு கூட்டம் நடந்தது.

கணக்கு எனக்குப் புதிதில்லை. பள்ளிக் கணக்குதான் புதிது. நான் வேலை செய்யும் இடத்தில் விற்பனை குறைந்தால் கொள்முதலைக் குறைப்போம். பள்ளியில் அது நடக்காது. எங்கள் மொத்தச் செலவு நூறு என்றால் அதில் 76 சம்பளம். மின்சாரம், தண்ணீர், காப்பீடு 9. பழுதுபார்ப்பு 5. புத்தகம், கணினி, ஆய்வுப் பொருள்கள் 4. மீதி சில்லறைச் செலவுகள் 6. வரவில் கட்டணம் 71, பங்கிலிருந்து வரும் உதவி 15, விழாக்கள், குலுக்கல் சீட்டு மூலம் 6, நன்கொடை 3. கூட்டினால் 95. அந்த 5-தான் எல்லாத் தலைவலிக்கும் காரணம்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் அந்த 4-ஐயும் 6-ஐயும் பிடித்துக்கொண்டு பேசினார்கள். தாளின் இரண்டு பக்கமும் நகலெடுக்கலாம், மதியம் விளக்கை அணைக்கலாம் என்று ஒன்றரை மணி நேரம் போனது. நல்ல யோசனைகள்தான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒன்றுகூட மிச்சமாகாது. சிறிய தொகையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், பெரிய தொகையைத் தொட யாருக்கும் மனம் வராது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

பெரிய தொகை எங்கே ஓட்டையாகியிருந்தது என்று கண்டுபிடிக்க ஒரே ஓர் எண் போதுமாயிருந்தது. நாலு ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் 187 பிள்ளைகள். துண்டு விழுந்த அந்த ஆண்டில் 171. குறைந்தது 16. பள்ளியில் 8 வகுப்பு. வகுப்புக்கு 2 பேர் குறைந்திருக்கிறார்கள். 23 பேர் இருந்த வகுப்பில் 21 பேர் இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆசிரியைக்குக்கூடக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு பேர் போனதால் ஆசிரியை சம்பளம் குறையவில்லை, மின்விசிறி மெதுவாகச் சுற்றவில்லை, கூரை சிறிதாகவில்லை. கட்டணம் மட்டும் குறைந்தது. 187 பேர் இருந்திருந்தால் அந்த ஆண்டுச் செலவுக்குக் கட்டண வரவு 77-க்கு மேல் வந்திருக்கும், துண்டு விழுந்திருக்காது. ஒரே வகுப்பில் 16 பேர் குறைந்திருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். எல்லா வகுப்பிலும் இரண்டிரண்டாகக் குறைந்ததால் நாலு ஆண்டு சத்தமில்லாமல் போய்விட்டது.

இதையே திருப்பிப் போட்டால் வழியும் தெரிந்தது. காலியாக இருக்கும் இருக்கையில் ஒரு பிள்ளை புதிதாக வந்து உட்கார்ந்தால் பள்ளிக்குக் கூடும் செலவு புத்தகமும் தேர்வுத் தாளும்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே செலவானது. பாதிக் கட்டணம் கட்டும் பிள்ளை வந்தாலும் பள்ளிக்கு லாபமே. ஆனால் வகுப்பு நிரம்பி இன்னொரு பிரிவு திறக்க வேண்டிய நிலை வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 'இன்னும் 20 பேர் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வகுப்பில்?

நாலு ஆண்டாக இது தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இறக்கும்போது பள்ளிக்கு ஒரு தொகை எழுதிவைத்திருந்தார். அதைக் கொண்டு இரண்டு ஆண்டு சம்பளக் குறையை அடைத்திருந்தார்கள். ஆண்டறிக்கையில் 'வரவும் செலவும் சமம்' என்று வந்தது. பொய் இல்லை. ஆனால் ஒரே ஒரு முறை வரும் பணத்தை மாதா மாதம் வரும் செலவுக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போதெல்லாம் எந்தப் பள்ளிக் கணக்கைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் செய்வது வரவை இரண்டு வரிசையாகப் பிரிப்பதுதான்: அடுத்த ஆண்டும் வரும் என்று நம்பக்கூடியது, வந்தால் வந்தது. முதல் வரிசை மட்டும் சம்பளத்தைத் தாங்குகிறதா என்று பார்த்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

அருட்சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றில் கணக்கில் எழுதப்படாத மிகப் பெரிய நன்கொடை அவர்களுடைய உழைப்புதான். எங்களிடம் மூன்று சிஸ்டர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து அவர்களுடைய துறவற சபைக்கு நாங்கள் கொடுத்தது ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்குச் சமம். ஒருவர் முதுமையால் ஓய்வு பெற்றார், ஒருவரைச் சபை வேறு பணித்தளத்துக்கு மாற்றியது. அவர்கள் இடத்தில் துறவிகள் அல்லாத இரண்டு பொதுநிலை ஆசிரியைகள் முழுச் சம்பளத்துக்கு வந்தார்கள். நியாயமான சம்பளம்தான். ஆனால் அதுவரை 'நம்ம பள்ளி சிக்கனமாக நடக்குது' என்று நாம் பெருமைப்பட்டது சிக்கனமே இல்லை, ஏழ்மையாக வாழ்வோம் என்று மூன்று பெண்கள் கடவுளுக்குக் கொடுத்த வார்த்தைப்பாடு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது தலைமை ஆசிரியையாக இருக்கும் சிஸ்டரின் வேலைக்கு ஒரு முழுச் சம்பளத்தைச் செலவில் எழுதி, அதில் நாங்கள் கொடுக்காத பகுதியை 'சபையின் சேவைக் கொடை' என்று வரவிலும் எழுதுகிறோம். கையில் ஒரு காசும் கூடுவதில்லை. ஆனால் அவரும் ஒருநாள் மாற்றலாகிப் போனால் எவ்வளவு குழி விழும் என்று தெரிகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, "என்னைப் போய் இவ்வளவு விலையா போட்டிருக்கீங்க தம்பி?" என்று சிரித்தார்.

துண்டை அடைக்கும் யோசனைகளில் முதலில் வந்தது சம்பளக் குறைப்பு. "ஆசிரியர் பணி ஒரு இறையழைத்தல், கொஞ்சம் தியாகம் செய்யலாமே" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பங்குத்தந்தை எழுந்துபோய் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எண் 1286: திருச்சபைச் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் வேலை செய்பவர்களுக்கு, தங்களுக்கும் தங்களை நம்பியிருப்பவர்களுக்கும் தகுந்தபடி தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் அளவுக்கு நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு மூடிவைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அதன்பின் அந்தப் புத்தகத்தை நானும் புரட்டத் தொடங்கினேன். கணக்குக்காரனுக்கு அதில் இவ்வளவு தீனி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. வரவு செலவுப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், ஆண்டு முடிவில் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்கிறது 1284. ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடுவதை அதே எண் வலுவாகப் பரிந்துரைக்கிறது. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. அதை எப்படிச் சொல்வது என்ற விதிமுறையை உள்ளூர்ச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது. நான் எழுதிய நாலு பத்தியை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

இன்னொரு எண் ஒரு சண்டையையே தீர்த்தது. முன்னாள் மாணவர் ஒருவர் தன் தாயின் நினைவாக நூலகத்துக்கென்று ஒரு தொகை கொடுத்திருந்தார். வங்கியில் கிடந்தது. "இப்போதைக்குச் சம்பளத்துக்கு எடுத்துக்கலாம், பிறகு திருப்பி வைச்சிரலாம்" என்று யோசனை சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 1267 சொல்கிறது. கொடுத்தவரிடமே கேட்டுப் பார்க்கலாமே என்று போன் செய்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கம்மா பேர்ல கரண்ட் பில் கட்டப் போறீங்களா சார்?" என்றார். நூலகம் கட்டினோம். ஆனால் அந்த உரையாடலின் முடிவில் அவரே, அடுத்த முறை கொடுக்கும்போது 'பள்ளிக்கு எது தேவையோ அதற்கு' என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார். கொடுத்தும் இருக்கிறார். நோக்கம் குறித்த பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துவிடுவது நல்லது. ஒரே கணக்கில் கிடந்தால் மாதக் கடைசியில் என்னைப் போன்ற ஒருவனுக்குக் கை அரிக்கும்.

பங்கின் உதவியை 15-லிருந்து உயர்த்தலாமா என்ற பேச்சு பங்குப் பேரவைக்குப் போனபோது, "என் பிள்ளைகள் படிச்சு முடிச்சு இருபது வருஷம் ஆச்சு, நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நேர்மையான கேள்வி. கத்தோலிக்கப் பள்ளிகளை நிறுவவும் தாங்கவும் நம்பிக்கையாளர் எல்லோரும் தங்கள் சக்திக்கேற்ப உதவ வேண்டும் என்று 800 சொல்கிறது என்றேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும்தான் போதவில்லை. சட்டத்தைக் காட்டி யாரிடமும் பணம் வாங்க முடியாது. சிஸ்டர்தான் அவரைப் பள்ளிக்கு அழைத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வாசித்துக் காட்டச் சொன்னார். இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறார். கொடுக்கவும் செய்கிறார். எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் ரெய்ம்ஸ் நகரில் 1683-84 பஞ்சத்தின்போது தன் சொத்தையெல்லாம் தன் பள்ளிகளுக்கு எழுதிவைக்காமல் ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் உணர்ச்சியோடு சொன்னார். தணிக்கையாளர் மெதுவாக, "அவர் புனிதர் ஆயிட்டாரு. நான் அடுத்த மாசம் கையெழுத்துப் போடணும்" என்றார். கூட்டங்களில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அபூர்வம், அதனால் எழுதிவைக்கிறேன்.

கட்டணச் சலுகை விஷயத்தில்தான் எனக்கு அதிகம் தூக்கம் கெட்டது. எங்கள் கணக்கில் சலுகை என்று ஒரு வரியே இல்லை. ஒரு குடும்பத்துக்குப் பாதி தள்ளுபடி என்றால் வந்த பாதியை மட்டும் வரவில் எழுதிவிடுவார்கள். தள்ளுபடியான பாதி எங்கேயும் இருக்காது. முழுக் கட்டணத்தை முதலில் எழுதி, சலுகையைக் கழித்துக் காட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் கட்டண வரவில் எட்டில் ஒரு பங்கு சலுகையாகப் போயிருந்தது. போனதில் தவறில்லை, ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பள்ளி. ஆனால் யாருக்குப் போயிருந்தது என்று பார்த்தபோது, கேட்கத் தெரிந்தவர்களுக்குப் போயிருந்தது. நன்றாகப் பேசுபவர், பங்கில் பொறுப்பில் இருப்பவர், மூன்றாவது பிள்ளை என்பதால் தானாகவே கிடைத்தவர். வசதியான இரண்டு குடும்பங்கள் அந்த மூன்றாவது பிள்ளைச் சலுகையில் இருந்தன. வாயைத் திறக்காமல் நகையை விற்றுக் கட்டணம் கட்டிய ஒரு தாய்க்கு ஒன்றுமில்லை. இப்போது விண்ணப்பத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு இரண்டு பேர் பார்க்கிறார்கள். சிறிய பங்கில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பதால் அலுவலகத்தில் தட்டச்சு செய்துதான் அனுப்புகிறோம்.

நிலுவை இன்னொரு புண். கட்டணம் பாக்கி இருந்தால் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன். சிஸ்டர் படித்துப் பார்த்து, "கடன் அப்பா அம்மாவோடது. மார்க் ஷீட் பிள்ளையோடது. ரெண்டையும் ஏன் தம்பி முடிச்சுப் போடுறீங்க?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வேறு வழி தேடினோம். மூன்று தவணையாக இருந்ததைப் பத்துத் தவணையாக்கினோம். அதுவரை மூன்றாவது மாதப் பாக்கிக்குக் கடிதம் போகும். அப்போது தொகை மலையாகியிருக்கும், குடும்பம் வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கும். இப்போது முதல் மாதம் தவறினால் பத்து நாளுக்குள் ஒரு போன். மிரட்டல் இல்லை, "வீட்டில் எல்லாம் சௌகரியமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். பாதிப் பேருக்கு உண்மையிலேயே சௌகரியமில்லை: வேலை போயிருக்கும், யாராவது மருத்துவமனையில் இருப்பார்கள். அவர்கள் நிலுவைப் பட்டியலில் இருக்க வேண்டியவர்களே இல்லை, சலுகைப் பட்டியலில் இருக்க வேண்டியவர்கள். மீதிப் பேர் மறந்திருப்பார்கள். கட்ட மனமில்லாதவர்கள் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்த கூட்டத்தில் கடைசியில் இரண்டே குடும்பம்தான் இருந்தது.

விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குலுக்கலில் வந்த மொத்தத் தொகையைக் கேட்டு எல்லோரும் கை தட்டினோம். பரிசு, பந்தல், ஒலிபெருக்கி, அச்சு எல்லாம் கழித்தபின் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அதற்காக ஆசிரியைகள் ஐந்து வாரம் மாலையில் உட்கார்ந்து சீட்டு வெட்டியிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டோம். விளையாட்டு விழா மட்டும் இருக்கிறது. அதில் மிஞ்சுவது குறைவுதான், பிள்ளைகளுக்காகவே வைத்திருக்கிறோம்.

ஆண்டுக் கணக்கு சமமாக வந்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். மாதக் கணக்கு போட்டபோதுதான் கண் திறந்தது. கட்டணத்தில் பெரும்பகுதி கல்வியாண்டின் முதல் பாதியில் வரும். விடுமுறை மாதங்களில் வரவு ஏறத்தாழ இல்லை, சம்பளம் உண்டு. காகிதத்தில் ஆண்டு முழுவதும் சமமாக இருந்தாலும் பத்தாவது மாதம் வங்கியில் ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் அந்த மாதம் பங்குக் கணக்கிலிருந்து கைமாற்று வாங்கி, புதுக் கட்டணம் வந்ததும் திருப்புவார்கள். அதாவது அடுத்த ஆண்டின் முதல் பணம் போன ஆண்டின் கடனுக்குப் போகும். இந்த வட்டத்தை உடைக்க எங்களுக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்திலும் வரவு, செலவு, மாத முடிவில் கையிருப்பு. அந்தத் தாளை முன்னமே யாராவது என்னிடம் கொடுத்திருந்தால் பல கூட்டங்கள் மிச்சமாகியிருக்கும்.

பழுதுபார்ப்புக்கான 5-ல் கை வைக்கத் தோன்றும். நாங்களும் வைத்தோம். கூரையில் ஓர் ஓடு மாற்றாமல் விட்டதில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் நாலாம் வகுப்பின் மேல்தளப் பூச்சும் மின்வயரிங்கும் போயின. மிச்சம் பிடித்ததைப்போல் ஆறு மடங்கு செலவு.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

வதந்தி கிளம்பி மூன்று வாரம் கழித்து, ஒன்றையும் மறைக்காமல் இரண்டாவது கடிதம் எழுதுவது என்று முடிவானது. இந்த முறை நான் எழுதியதை முதலில் சிஸ்டர் படித்தார். "முதல் வரியில் என்ன கேட்பாங்களோ, அதுக்கு முதல் வரியிலேயே பதில் வேணும்" என்று இரண்டு பத்தியை அடித்துப் போட்டார். கடைசியில் போனது இப்படித் தொடங்கியது: "வரும் கல்வியாண்டிலும் எல்லா வகுப்புகளும் நடக்கும். இந்த ஆண்டு நூறு செலவாகும் இடத்தில் 95 வருகிறது. மீதி 5-க்கு நாங்கள் செய்யப்போவது இது." அதன்கீழ் மூன்று வரி: ஓய்வு பெறும் ஓர் ஆசிரியையின் இடத்தை ஓராண்டு நிரப்பப் போவதில்லை; பங்கின் உதவி 15-லிருந்து 17 ஆகும்; கட்டணம் 4 சதவீதம் கூடும், கட்ட முடியாதவர்கள் இந்த நாளுக்குள் வந்து பேசுங்கள். பங்குத்தந்தையும் தலைமை ஆசிரியையும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் இன்னொருவருக்கு உடன்பாடில்லை என்று ஒரு கதை கிளம்பும்.

கட்டண உயர்வை ஏழு மாதம் முன்பே சொன்னோம். மறுபதிவுப் படிவத்தோடு சேர்த்துச் சொல்வதுதான் அதுவரை வழக்கம். அந்த நேரத்தில் குடும்பத்துக்கு யோசிக்க இடமிருக்காது, கோபப்பட மட்டும்தான் நேரமிருக்கும்.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் கடிதம் பெற்றோருக்குப் போனபோது ஆசிரியைகளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையின் பையில் இருந்ததை ஒரு தாய் படித்துவிட்டு ஆசிரியையிடம் கேட்க, அவர் வாயடைத்து நின்றிருக்கிறார். என்னிடம் பிறகு, "எங்க சம்பளத்தைப் பத்தின செய்தியை நாங்க வாசல்ல நின்னு கேட்டோம் சார்" என்றார். இரண்டாவது கடிதம் போன அன்று மதியம் மூன்று மணிக்கு ஆசிரியைகள், துப்புரவுப் பணியாளர், காவலாளி எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னோம். மாலையில் பெற்றோருக்கு. ஞாயிறு திருப்பலியில் அறிவிப்பு. பெற்றோர் முதலில் கேட்பது காவலாளியைத்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை ஒரு பக்கத் தாள் போகிறது. மேல் பாதியில் பள்ளிச் செய்தி: யார் ஓவியப் போட்டியில் வென்றார்கள், முதல் நற்கருணை வாங்குபவர்கள் யார், எந்த வகுப்பு என்ன நாடகம் போடுகிறது. கீழ்ப் பாதியில் ஐந்து எண்: எத்தனை பிள்ளைகள், எத்தனை இருக்கை காலி, வர வேண்டிய கட்டணத்தில் வந்தது எவ்வளவு, துண்டு எவ்வளவு, கையிருப்பு எத்தனை வாரச் சம்பளத்துக்குக் காணும். இந்தக் கடைசி எண்ணை நான்தான் சேர்த்தேன். வங்கி இருப்பைத் தொகையாகச் சொன்னால் பெரியதாகத் தெரியும், 'இவ்வளவு வைத்துக்கொண்டா அழுகிறார்கள்' என்பார்கள். 'மூன்று வாரம்' என்றால் எல்லா வீட்டுக்கும் புரிகிறது. பன்னிரண்டு வாரத்தை இலக்காக வைத்திருக்கிறோம். தற்போது ஏழு.

எதைப் போடக்கூடாது என்பதிலும் அடிபட்டேன். ஒரு மாதம் செலவை விரிவாகக் காட்டுகிறேன் என்று 'இசை ஆசிரியர் ஊதியம்' என்று தனி வரி போட்டுவிட்டேன். பள்ளியில் ஒரே ஓர் இசை ஆசிரியர்தான். அவர் சம்பளம் ஊருக்கே தெரிந்துபோனது. போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது சம்பளம் எல்லாம் ஒரே வரி. நிலுவைக் குடும்பங்களின் எண்ணிக்கையையும் போடுவதில்லை; மூன்று என்று போட்டால் அந்த மூன்று யார் என்று அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதிய ஆண்டு 164 பிள்ளைகளோடு தொடங்கியது. போன 9 பேரில் இருவர் திரும்பி வந்தார்கள். வேறு சிலரும் சேர்ந்தார்கள், இந்த மாதம் 173. துண்டு இன்னும் இருக்கிறது, ஒன்றரை அளவுக்கு. நாலாம் வகுப்பு மேல்தளத்துக்கு மட்டும் பூச்சு முடிந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒழுகுகிறது.

போன மாதம் தாள் போனதற்கு அடுத்த திங்கட்கிழமை காவலாளி என்னை வாசலில் நிறுத்தினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "சார், வந்த கட்டணம் தொண்ணூத்தாறு சதவீதம்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா கையிருப்பு ஏன் ஏறலை?" என்று விரித்துக் காட்டினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் வசூலை இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன். சரியான எண் 91. இந்த மாதத் தாளில், ஓவியப் போட்டிச் செய்திக்கும் மேலே, முதல் வரியாகத் திருத்தத்தைப் போட்டிருக்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு முறை காட்டினேன்.